பள்ளி ஆயத்தநிலை

பள்ளி ஆயத்தநிலை என்பது, ஒரு குழந்தை முறையான பள்ளிக் கல்வியைத் தொடங்கி அதில் நன்கு பங்கேற்பதற்கு வேண்டிய உடல், மொழி, அறிவு, உணர்வு, சமூக வளர்ச்சிகளை எட்டியிருக்கும் நிலையைக் குறிக்கும். குழந்தையை எந்த வயதில் முதல் வகுப்பில் சேர்ப்பது, யார் அதைத் தீர்மானிப்பது, எதைக் கொண்டு தீர்மானிப்பது ஆகிய கேள்விகள் இக்கருத்துருவுடன் நெருங்கிய தொடர்பு உடையவை. கல்வியியல், வளர்ச்சி உளவியல், குழந்தை மருத்துவம், பொருளியல் ஆகிய துறைகள் இதனை ஆராய்கின்றன.

தொடக்கத்தில் இச்சொல் குழந்தையிடம் உள்ள ஒரு பண்பை மட்டுமே சுட்டியது. தற்காலத்தில் குழந்தையின் ஆயத்தம், பள்ளியின் ஆயத்தம், குடும்பத்தின் ஆயத்தம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே பள்ளி ஆயத்தநிலை என்று யுனிசெப் போன்ற அமைப்புகள் விளக்குகின்றன. இவ்விளக்கத்தின்படி, பள்ளிக்குக் குழந்தை பொருந்துகின்றதா என்பதோடு, குழந்தைக்குப் பள்ளி பொருந்துகின்றதா என்பதும் பார்க்கப்பட வேண்டும்.

வரலாறு

தமிழர் மரபில்

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் குழந்தையின் எழுத்தறிவுத் தொடக்கம் ஒரு சடங்காகவே நடைபெற்று வந்துள்ளது. விசயதசமி நாளில் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் அல்லது நெல்லில் முதல் எழுத்தை எழுதச் செய்வது வழக்கம். இது ஏடு தொடக்குதல், வித்தியாரம்பம், அட்சராப்பியாசம் எனப் பலவாறு அழைக்கப்படுகின்றது. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் ஏறத்தாழ 5 வயதில் குழந்தைகள் சேர்க்கப்பட்டு, மணலில் விரலால் எழுதிப் பழகினர். வகுப்புகள் வயதின்படி பிரிக்கப்படாத அப்பள்ளிகளில் ஒவ்வொரு மாணவரும் தமக்கேற்ற வேகத்தில் படித்ததால், எந்த வயதில் தொடங்குவது என்பது இன்றைப் போல் பெரிய சிக்கலாக எழவில்லை. ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே வகுப்பில், ஒரே பாடத்தை, ஒரே ஆண்டில் முடிக்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்த பின்னரே சேர்க்கை வயது முக்கியத்துவம் பெற்றது.

காதைத் தொடும் சோதனை

பிறப்புச் சான்றிதழ் பரவலாக இல்லாத காலத்தில், பள்ளியில் சேர்க்க அழைத்து வரப்படும் குழந்தையின் வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுசென்று இடக்காதைத் தொடச் சொல்வது தமிழ்நாட்டு ஊர்ப்புறப் பள்ளிகளில் வழக்கமாக இருந்தது. விரல் காதை எட்டினால் சேர்த்துக்கொள்வர். எட்டாவிட்டால் அடுத்த ஆண்டு வருமாறு கூறி அனுப்புவர். சேர்க்கையின்போது தலைமையாசிரியர் உத்தேசமாக ஒரு பிறந்த நாளைப் பதிவேட்டில் எழுதுவதும் உண்டு. முந்தைய தலைமுறையினர் பலருக்குச் சான்றிதழில் உள்ள பிறந்த நாளும் உண்மையான பிறந்த நாளும் வேறுபடுவதற்கு இது ஒரு காரணம் ஆகும்.

இச்சோதனை தமிழ்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றிலும் இது இருந்தது. ஜெர்மனியில் இது 'பிலிப்பைன் அளவை' என்ற பெயரில் அறியப்பட்டது. கைக்குழந்தைக்கு உடலோடு ஒப்பிடுகையில் தலை பெரிதாகவும் கை, கால்கள் குட்டையாகவும் இருக்கும். ஏறத்தாழ 6 வயதில் கை, கால்கள் நீண்டு இவ்விகிதம் மாறுகின்றது. எனவே சோதனைக்கு ஓர் உடலியல் அடிப்படை உண்டு. எனினும் அது உடல் வளர்ச்சியை மட்டுமே காட்டும். கவனம், மொழி, பிரிவைத் தாங்கும் மனநிலை ஆகியவற்றைப் பற்றி அது ஏதும் கூறாது.

மேற்குலகில்

ஜெர்மனியைச் சேர்ந்த பிரீடிரிக் புரோபெல் 1837 இல் பாடு பிளாங்கன்பர்க்கு நகரில் சிறு குழந்தைகளுக்கான நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1840 இல் அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்' எனப் பெயரிட்டார். மரியா மாண்டிசோரி 1907 இல் உரோமில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அவர் 1939 இல் இந்தியா வந்து, சென்னை அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். முறையான பள்ளிக்கு முன் விளையாட்டும் செயலும் கலந்த ஒரு கட்டம் தேவை என்ற கருத்து இவர்களால் வலுப்பெற்றது.

'பள்ளி முதிர்ச்சி' என்ற கருத்தை ஜெர்மனியில் பரவலாக்கியவர் ஆர்தர் கேர்ன். ஒரே வகுப்பில் தோற்றுத் தங்கிவிடும் மாணவர்களுள் பலர் திறன் குறைந்தவர்கள் அல்லர், முதிர்ச்சி அடையுமுன் சேர்க்கப்பட்டவர்கள் என்று 1951 இல் அவர் வாதிட்டார். ஐக்கிய அமெரிக்காவில், "2000 ஆம் ஆண்டிற்குள் எல்லாக் குழந்தைகளும் கற்கும் ஆயத்தத்துடன் பள்ளியைத் தொடங்க வேண்டும்" என்பது 1990 இல் தேசியக் கல்வி இலக்குகளுள் முதலாவதாக வைக்கப்பட்டது.

கோட்பாடுகள்

பள்ளி ஆயத்தநிலை பற்றி மாறுபட்ட பார்வைகள் உள்ளன. ஒரு குழந்தையைக் காத்திருக்கச் செய்வதா, சேர்ப்பதா என்ற முடிவு, எந்தப் பார்வை ஏற்கப்படுகின்றது என்பதைப் பொறுத்து மாறும்.

* முதிர்ச்சிக் கோட்பாடு: அமெரிக்க உளவியலாளர் ஆர்னல்டு கெசல் இதன் முன்னோடி. வளர்ச்சி உள்ளிருந்து, உயிரியல் ஒழுங்கின்படி நிகழ்கின்றது. அதனை வெளியிலிருந்து விரைவுபடுத்த இயலாது என்பது இதன் சாரம். இதன்படி, ஆயத்தமாகாத குழந்தைக்குக் காலமே மருந்து. கெசலின் மாணவர்கள் வழியில் உருவான சோதனைகள் அமெரிக்கப் பள்ளிகளில் பரவலாகப் பயன்பட்டன.
* சமூகப் பண்பாட்டுக் கோட்பாடு: சோவியத்து உளவியலாளர் லேவ் விகோட்சுகி, கற்றல் வளர்ச்சிக்காகக் காத்திருப்பதில்லை, அது வளர்ச்சியை முன்னின்று இழுத்துச் செல்கின்றது என்றார். குழந்தை தனியே செய்யக்கூடியதற்கும் பெரியவர் துணையுடன் செய்யக்கூடியதற்கும் இடைப்பட்ட பகுதியிலேயே கற்பித்தல் நிகழ வேண்டும். இதன்படி, ஆயத்தமில்லாத குழந்தையை வீட்டில் வைத்திருப்பது அதற்கு வேண்டிய துணையைத் தள்ளிப்போடுவதாகும்.
* ஊடாட்டப் பார்வை: ஆயத்தநிலை குழந்தைக்கும் அதன் சூழலுக்கும் இடைப்பட்ட ஓர் உறவு என்கின்றது. 20 குழந்தைகளும் விளையாட்டு முறையும் உள்ள வகுப்பிற்கு ஆயத்தமாக உள்ள அதே குழந்தை, 50 பேர் நாள் முழுதும் அமர்ந்து எழுதும் வகுப்பிற்கு ஆயத்தமற்றதாக இருக்கலாம். இன்று பெரும்பாலான கல்வியாளர்கள் இப்பார்வையை ஏற்கின்றனர்.

ஆயத்தநிலையின் கூறுகள்

அமெரிக்கத் தேசியக் கல்வி இலக்குகள் குழு 1990களில் வகுத்த ஐந்து கூறுகள் பரவலாக எடுத்தாளப்படுகின்றன.

* உடல்நலமும் இயக்கத் திறனும்: போதிய ஊட்டம், பார்வை, கேட்கும் திறன், ஓடுதல், தாண்டுதல், பென்சிலையும் பொத்தானையும் கையாளும் விரல் திறன், கழிப்பறையைத் தானே பயன்படுத்துதல்.
* சமூக, உணர்வு வளர்ச்சி: பெற்றோரைப் பிரிந்து சில மணி நேரம் இருத்தல், முறைக்காகக் காத்திருத்தல், பிற குழந்தைகளுடன் பகிர்தல், ஏமாற்றத்தைத் தாங்குதல், தேவையைப் பெரியவரிடம் கூறுதல்.
* கற்றலை அணுகும் விதம்: ஆர்வம், ஒரு செயலில் சிறிது நேரம் நிலைத்திருத்தல், தவறினாலும் மீண்டும் முயலுதல்.
* மொழி: தன் மொழியில் தெளிவாகப் பேசுதல், கதையைக் கேட்டுப் புரிந்துகொள்ளுதல், சொற்களில் உள்ள ஒலிகளை வேறுபடுத்தி உணர்தல்.
* அறிதிறனும் பொது அறிவும்: வகைப்படுத்துதல், ஒப்பிடுதல், எண்ணிக்கை, வடிவம், முன்-பின் பற்றிய புரிதல்.

எழுத்துகளை ஒப்பித்தலும் 100 வரை எண்களைச் சொல்லுதலும் ஆயத்தத்தின் அடையாளமாகப் பெற்றோர் பலரால் கருதப்படுகின்றன. ஆனால் 100 வரை சொல்லும் குழந்தை, ஐந்து புளியங்கொட்டைகளை எடுத்துத் தருமாறு கேட்டால் தடுமாறலாம். முன்னது நினைவாற்றல், பின்னதே எண்ணுணர்வு. கிரெக் டங்கனும் பிறரும் 2007 இல் வெளியிட்ட ஆய்வு, 6 நீள்காலத் தரவுத் தொகுதிகளை ஒப்பிட்டது. பள்ளி தொடங்கும் வேளையில் உள்ள கணிதத் திறனே பிற்காலக் கற்றலை மிக நன்றாக முன்னறிவித்தது என்றும், வாசிப்புத் திறனும் கவனமும் அடுத்த நிலைகளில் இருந்தன என்றும் அது கண்டது.

சேர்க்கை வயதும் எல்லை நாளும்

ஆயத்தநிலையை ஒவ்வொரு குழந்தையிடமும் அளப்பது கடினம் என்பதால், அரசுகள் வயதையே அளவுகோலாகக் கொள்கின்றன. குறிப்பிட்ட ஒரு நாளன்று குழந்தை எந்த வயதை நிறைவு செய்திருக்க வேண்டும் என்பது சட்டத்திலோ விதியிலோ கூறப்படும். இந்நாள் எல்லை நாள் எனப்படும். சில நாடுகளின் நடைமுறை வருமாறு:

* வட அயர்லாந்து: கட்டாயக் கல்வி 4 வயதில் தொடங்குகின்றது. ஏப்ரல் 1 முதல் ஜூலை 1 வரை பிறந்த குழந்தைகளை ஓராண்டு தாமதித்துச் சேர்க்கப் பெற்றோருக்கு உரிமை தரும் சட்டம் 2022 இல் நிறைவேறியது.
* இங்கிலாந்து: கட்டாய வயது 5. ஆயினும் பெரும்பாலான குழந்தைகள் 4 வயது நிறைந்த பின் வரும் செப்டெம்பரிலேயே வரவேற்பு வகுப்பில் சேர்கின்றனர்.
* ஸ்காட்லாந்து: நாலரை முதல் ஐந்தரை வயதிற்குள் சேர்கின்றனர். பள்ளி ஆண்டுத் தொடக்கத்தில் 5 வயது நிறையாத குழந்தை, அரசு செலவில் மேலும் ஓராண்டு முன்பள்ளியில் இருக்கும் உரிமை 2023 ஆகத்து முதல் உண்டு.
* பிரான்ஸ்: கட்டாயக் கல்வி வயது 2019 செப்டெம்பரில் 6 இலிருந்து 3 ஆகக் குறைக்கப்பட்டது. எனினும் 3 முதல் 6 வரையிலான கட்டம் மழலையர் பள்ளியே ஆகும்.
* ஜெர்மனி: 6 வயது. எல்லை நாள் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடும். சேர்க்கைக்கு முன் பொதுச் சுகாதாரத் துறை மருத்துவர் குழந்தையைச் சோதிப்பது வழக்கம்.
* பின்லாந்து: 7 வயது. 6 வயதில் ஓராண்டு முன்தொடக்கக் கல்வி 2015 முதல் கட்டாயம்.
* சுவீடன்: 6 வயதினருக்கான முன்பள்ளி வகுப்பு 2018 முதல் கட்டாயம்.
* ஜப்பான்: 6 வயது நிறைந்த பின் வரும் ஏப்ரல் மாதம். சட்டப்படி வயது பிறந்த நாளுக்கு முந்தைய நாளிலேயே நிறைவதாகக் கொள்ளப்படுவதால், ஏப்ரல் 1 இல் பிறந்தவர் முந்தைய ஆண்டு வகுப்பில் சேர்வர். ஏப்ரல் 2 இல் பிறந்தவர் அடுத்த ஆண்டு வகுப்பில் சேர்வர்.
* சிங்கப்பூர்: 7 வயதாகும் ஆண்டின் ஜனவரியில் தொடக்கநிலை 1.
* ஐக்கிய அமெரிக்கா: மாநிலங்கள் முடிவு செய்கின்றன. பெரும்பாலும் 5 வயதில் கிண்டர்கார்ட்டன், 6 வயதில் முதல் வகுப்பு. கலிபோர்னியா 2010 இல் இயற்றிய சட்டத்தின் மூலம் தன் எல்லை நாளை டிசம்பர் 2 இலிருந்து செப்டெம்பர் 1 ஆகப் படிப்படியாக மாற்றியது.

எல்லை நாள் எங்கு வைக்கப்பட்டாலும், அதன் இரு பக்கமும் ஒரு நாள் இடைவெளியில் பிறந்த இரு குழந்தைகள் ஓராண்டு இடைவெளியில் பள்ளியில் சேர்வர். அதேபோல் ஒரே வகுப்பில் மூத்த குழந்தைக்கும் இளைய குழந்தைக்கும் ஏறத்தாழ 12 மாத வேறுபாடு இருக்கும். 5 வயதுக் குழந்தைக்கு 12 மாதம் என்பது அது வாழ்ந்த காலத்தின் ஐந்தில் ஒரு பங்கு ஆகும்.

ஆய்வு முடிவுகள்

சார்பு வயது விளைவு

ஒரு வகுப்பில் இளையவராக இருப்பதால் ஏற்படும் பின்னடைவு சார்பு வயது விளைவு எனப்படும். கெல்லி பெடார்டு, எலிசபெத் துயே ஆகியோர் 2006 இல் பல நாடுகளின் தேர்வுத் தரவுகளை ஆராய்ந்தனர். வகுப்பின் மிக இளைய மாணவர்கள், மிக மூத்தவர்களை விட 4 ஆம் வகுப்பில் 4 முதல் 12 சதமான நிலைகளும், 8 ஆம் வகுப்பில் 2 முதல் 9 சதமான நிலைகளும் பின்தங்கியிருந்தனர். வயது ஏற ஏற இடைவெளி குறைந்தாலும் முற்றிலும் மறையவில்லை.

இவ்விளைவு மருத்துவத்திலும் வெளிப்படுகின்றது. கனடாவின் பிரித்தானியக் கொலம்பியா மாகாணத்தில் எல்லை நாள் டிசம்பர் 31. அங்கு 9 இலட்சத்திற்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளைக் கொண்டு 2012 இல் வெளியான ஆய்வின்படி, ஜனவரியில் பிறந்தவர்களை விட டிசம்பரில் பிறந்த ஆண் குழந்தைகள் 30 விழுக்காடும் பெண் குழந்தைகள் 70 விழுக்காடும் அதிகமாகக் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு உடையோராக அறுதியிடப்பட்டனர். ஐக்கிய அமெரிக்காவில் செப்டெம்பர் 1 ஐ எல்லை நாளாகக் கொண்ட மாநிலங்களில், செப்டெம்பரில் பிறந்தவர்களை விட ஆகத்தில் பிறந்தவர்களிடம் இவ்வறுதியீடு 34 விழுக்காடு அதிகம் என 2018 இல் வெளியான ஆய்வு காட்டியது. பிறந்த மாதம் நோயை உண்டாக்குவதில்லை. வகுப்பில் இளைய குழந்தையின் இயல்பான நிலைகொள்ளாமை, மூத்த வகுப்புத் தோழர்களுடன் ஒப்பிடப்படுவதால் குறைபாடாகத் தோன்றுகின்றது என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். தேவையற்ற மருந்து கொடுக்கப்படும் இடர் இதில் உள்ளது.

தாமதித்துச் சேர்த்தலின் பயன்கள்

தாமஸ் டீ, ஹான்ஸ் சீவர்ட்சன் ஆகியோர் டென்மார்க்குத் தரவுகளைக் கொண்டு செய்த ஆய்வில், ஓராண்டு தாமதித்துத் தொடங்கிய குழந்தைகளிடம் 7 வயதில் கவனச் சிதறலும் மிகையியக்கமும் குறைவாக இருந்தன. இப்பயன் 11 வயதிலும் நீடித்தது. நியூசிலாந்தில் செபாஸ்டியன் சகேட்டும் பிறரும் 5 வயதில் வாசிப்புக் கற்கத் தொடங்கியோரையும் 7 வயதில் தொடங்கியோரையும் ஒப்பிட்டனர். ஏறத்தாழ 11 வயதில் இரு சாராரின் வாசிப்புத் திறனும் ஒன்றாகவே இருந்தது. இங்கிலாந்தில் 2009 இல் வெளியான கேம்பிரிட்ஜ் தொடக்கக் கல்வி மீளாய்வு, முறையான பாடங்களை 6 வயது வரை தள்ளி வைக்கப் பரிந்துரைத்தது.

தாமதித்தலின் இழப்புகள்

நோர்வே நாட்டுத் தரவுகளைக் கொண்டு சாண்டிரா பிளாக்கும் பிறரும் 2011 இல் வெளியிட்ட ஆய்வில், தாமதித்துத் தொடங்குவதால் நீண்ட காலக் கல்வியில் பெரிய பயன் ஏதும் காணப்படவில்லை. 18 வயதில் அளக்கப்பட்ட நுண்ணறிவு ஈவில், இளமையில் தொடங்கியோருக்குச் சிறிதளவு நன்மையே தென்பட்டது. தாமதித்துச் சேர்ந்தவர் வேலைக்கும் ஓராண்டு தாமதித்தே செல்கின்றார். டேவிட் டெமிங், சூசன் டைனார்ஸ்கி ஆகியோர் 2008 இல் சுட்டியபடி, ஐக்கிய அமெரிக்காவில் 6 வயதுக் குழந்தைகளுள் முதல் வகுப்பிலோ அதற்கு மேலோ இருந்தவர்கள் 1968 இல் 96 விழுக்காடு, 2005 இல் 84 விழுக்காடு ஆவர். வேண்டுமென்றே தாமதித்தல் பெரும்பாலும் வசதியுள்ள குடும்பங்களில் நிகழ்கின்றது. தாமதித்த ஆண்டில் குழந்தை என்ன செய்கின்றது என்பதே முக்கியம். நூலும் உரையாடலும் விளையாட்டும் நிறைந்த வீட்டில் கழியும் ஓராண்டும், கவனிப்பார் இல்லாமல் கழியும் ஓராண்டும் ஒன்றல்ல.

இந்தியாவில்

2002 இன் 86 ஆவது அரசியலமைப்புத் திருத்தம், 6 முதல் 14 வயது வரை கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. 6 வயது வரையிலான முன்பருவக் கவனிப்பை அரசின் நெறிமுறைக் கொள்கையாக வைத்தது. 2010 ஏப்ரல் 1 இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு, சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ தேர்வுக்கு உட்படுத்துவதைத் தடை செய்கின்றது. 14 ஆம் பிரிவின்படி, வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கை மறுக்கப்படக் கூடாது. மழலையர் வகுப்புச் சேர்க்கைக்கு நடத்தப்படும் தேர்வுகளையும் நேர்காணல்களையும் ஒழிக்க வேண்டும் என்று யஷ்பால் குழு 1993 இலேயே பரிந்துரைத்திருந்தது.

தேசியக் கல்விக் கொள்கை 2020, 3 முதல் 8 வயது வரையிலான காலத்தை ஒரே அடித்தள நிலையாக வகுத்து, முதல் வகுப்பு வயதை 6 என்றது. இதையொட்டிக் கேந்திரிய வித்தியாலயங்கள் 2022-23 கல்வியாண்டில் சேர்க்கை வயதை 5 இலிருந்து 6 ஆக உயர்த்தின. இதனை எதிர்த்த வழக்கைத் தில்லி உயர் நீதிமன்றமும், மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றமும் 2022 இல் தள்ளுபடி செய்தன. முதல் வகுப்பின் தொடக்கத்தில் 3 மாத விளையாட்டு முறை ஆயத்தப் பயிற்சியாக 'வித்யா பிரவேஷ்' 2021 இல் அறிமுகமானது.

வயது வரம்பை மாற்றும்போது இடையில் சிக்கும் குழந்தைகளின் நிலைக்குக் கர்நாடகம் எடுத்துக்காட்டு. அம்மாநிலம் ஜூன் 1 அன்று 6 வயது நிறைந்திருக்க வேண்டும் என 2022 இல் ஆணையிட்டது. ஏற்கெனவே மழலையர் வகுப்புகளை முடித்துவிட்ட குழந்தைகள் அதே வகுப்பில் மீண்டும் ஓராண்டு இருக்க நேரும் எனப் பெற்றோர் முறையிட்டனர். ஆணையின் நடைமுறை 2025-26 கல்வியாண்டுக்குத் தள்ளி வைக்கப்பட்டது. பின்னர் அவ்வாண்டிற்கு மட்டும் வரம்பு 5 ஆண்டு 5 மாதமாகத் தளர்த்தப்பட்டது.

தமிழ்நாடு

தமிழ்நாட்டில் ஜூலை 31 ஐ எல்லை நாளாகக் கொண்டு, 5 வயது நிறைந்த குழந்தைகள் முதல் வகுப்பில் சேர்க்கப்படுகின்றனர். தனியார் பள்ளிகளில் 3 வயது நிறைந்தவுடன் எல்.கே.ஜி. வகுப்பு தொடங்குவதால், ஆயத்தநிலை பற்றிய கேள்வி நடைமுறையில் 3 வயதிலேயே எழுகின்றது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டிலும் எல்.கே.ஜி. நுழைவு வகுப்பாகக் கொள்ளப்படுகின்றது. ஆகவே தாமதித்துச் சேர்க்க விரும்பும் ஏழைப் பெற்றோர் அவ்வாய்ப்பை இழக்கக் கூடும்.

முன்பருவக் கல்வியின் பொது அமைப்பு அங்கன்வாடி ஆகும். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 இல் தொடங்கப்பட்டது. நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் 2019 ஜனவரியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. அலெகாந்திரோ கனிமியன், கார்த்திக் முரளீதரன், கிறிஸ்டபர் வால்டர்ஸ் ஆகியோர் தமிழ்நாட்டின் 4 மாவட்டங்களில் நடத்திய ஆய்வில், அங்கன்வாடிகளுக்குப் பகுதி நேரப் பணியாளர் ஒருவர் கூடுதலாகத் தரப்பட்டார். கற்பித்தல் நேரம் இருமடங்காகி, குழந்தைகளின் கணித, மொழித் திறன்கள் உயர்ந்தன. வளர்ச்சி குன்றலும் குறைந்தது. வயதை மாற்றாமலேயே ஆயத்தத்தை உயர்த்த முடியும் என்பதற்கு இது சான்றாகின்றது.

இந்திய முன்பருவக் கல்வித் தாக்க ஆய்வு, அசாம், இராசத்தான், தெலங்கானா ஆகிய மாநிலங்களில் ஏறத்தாழ 14,000 குழந்தைகளை 4 வயது முதல் 8 வயது வரை பின்தொடர்ந்தது. 2017 இல் வெளியான இதன் முடிவுப்படி, பெரும்பாலான குழந்தைகள் எதிர்பார்க்கப்படும் ஆயத்தம் இன்றியே பள்ளியில் நுழைந்தனர். அங்கன்வாடிகளில் கற்பித்தல் குறைவாகவும், தனியார் முன்பள்ளிகளில் வயதுக்கு மீறிய எழுத்துப் பயிற்சி மிகையாகவும் இருந்தது சுட்டப்பட்டது.

இலங்கையில்

இலங்கையில் 5 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி 1998 இல் நடைமுறைப்படுத்தப்பட்டு, 2016 இல் மேல் எல்லை 16 ஆக உயர்த்தப்பட்டது. ஜனவரி 31 அன்று 5 வயது பூர்த்தியான பிள்ளைகள் தரம் 1 இல் அனுமதிக்கப்படுகின்றனர். தரம் 1 இன் தொடக்க நாட்களில், பாடங்கள் தொடங்குமுன் பிள்ளையை இனங்காணும் செயற்பாடுகள் நடைபெறுகின்றன. விளையாட்டு, வரைதல், கதை ஆகியவற்றின் வழியே ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் நுழைவுத் தேர்ச்சியையும் அறிந்துகொள்கின்றார். பிள்ளையை விலக்குவதற்காக அன்றி, கற்பித்தலைத் திட்டமிடுவதற்காக மதிப்பிடும் முறை இதுவாகும்.

மதிப்பிடும் முறைகள்

ஆயத்தநிலையை மதிப்பிடும் கருவிகளை அவற்றின் நோக்கத்தின்படி மூவகைப்படுத்தலாம்.

* தனிக் குழந்தையைச் சேர்ப்பதா எனத் தீர்மானிப்பவை. கெசல் மரபுச் சோதனைகள் இவ்வகையின. ஒரு நாள், ஒரு சில நிமிடங்களில், பழக்கமில்லாத ஒருவர் முன் குழந்தை செய்வதைக் கொண்டு முடிவெடுப்பது நம்பகமானதல்ல என லோரி செப்பர்டு உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1980களில் விமர்சித்தனர்.
* குறைபாடுகளை முன்கூட்டியே கண்டறிபவை. பார்வை, கேட்டல், பேச்சுச் சோதனைகள் இவற்றுள் அடங்கும்.
* சமூகத்தின் நிலையை அறிபவை. கனடாவில் மக்டலீனா ஜேனசு, டான் ஆஃபர்டு ஆகியோர் உருவாக்கிய முன்பருவ வளர்ச்சிக் கருவியில், ஆசிரியர் ஒவ்வொரு குழந்தை பற்றியும் வினாக்கொத்தை நிரப்புவார். முடிவு குழந்தைக்கு அன்றி, ஊருக்கும் வட்டாரத்திற்கும் கணக்கிடப்படும். இதன் தழுவலை ஆஸ்திரேலியா 2009 முதல் 3 ஆண்டுகளுக்கு ஒரு முறை நாடு முழுதும் பயன்படுத்துகின்றது. அங்கு 5 குழந்தைகளுள் ஒருவருக்கு மேல் குறைந்தது ஒரு கூறிலாவது பின்தங்கியிருப்பது தொடர்ந்து காணப்பட்டுள்ளது.

முடிவெடுக்கும்போது கருதப்படுபவை

விதிகள் இடம் தரும்போது, சேர்க்கையை ஓராண்டு தள்ளி வைப்பதா என்பதைப் பெற்றோர் தீர்மானிக்க வேண்டியுள்ளது. பொதுவாகக் கீழ்வருவன கருத்திற் கொள்ளப்படுகின்றன.

* எல்லை நாளிலிருந்து குழந்தையின் பிறந்த நாள் எவ்வளவு தொலைவில் உள்ளது. வகுப்பில் மிக இளையதாக இருக்கப் போகும் குழந்தைக்கே இக்கேள்வி பெரும்பாலும் பொருந்தும்.
* குறைமாதத்தில் பிறந்ததா. 3 மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தை, உரிய நாளில் பிறந்திருந்தால் சேர வேண்டிய ஆண்டிற்கு முன்னதாகவே சேர நேரலாம்.
* பேச்சுத் தாமதம் முதலியவற்றுக்குக் காரணம் அறியப்பட்டதா. கேட்கும் குறை உள்ள குழந்தைக்குத் தேவை காத்திருப்பு அன்று. சோதனையும் சிகிச்சையும் ஆகும். மாற்றுத்திறன் உள்ள குழந்தைகளைத் தாமதித்தல், பள்ளி வழியே கிடைக்கும் சிறப்பு உதவியையும் தாமதிப்பதாக முடியலாம்.
* பள்ளி எத்தகையது. வகுப்பில் உள்ளோர் எண்ணிக்கை, பயண நேரம், பயிற்று மொழி, வீட்டுப் பாடச் சுமை, இளைய குழந்தைகளிடம் ஆசிரியரின் அணுகுமுறை ஆகியன. வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த குழந்தை ஆங்கில வழி வகுப்பில் பேசாமல் இருப்பது முதிர்ச்சியின்மை ஆகாது.
* வீட்டில் இருக்கும் ஆண்டில் குழந்தைக்கு என்ன கிடைக்கும். உடன் இருப்பவர் யார், அருகில் தரமான அங்கன்வாடி அல்லது முன்பள்ளி உள்ளதா, கூடுதல் ஆண்டின் செலவைக் குடும்பம் தாங்குமா என்பன.
* பின்விளைவுகள். ஓராண்டு மூத்தவராக இருப்பது தொடக்கத்தில் உதவினாலும், பதின்ம வயதில் தோழர்களுக்கு முன்னரே பருவமடைதல் போன்றவற்றால் சிலருக்குச் சங்கடம் தரலாம்.

முதல் சில வாரங்கள் அழுவது மட்டும் ஆயத்தமின்மையின் அறிகுறியாகக் கொள்ளப்படுவதில்லை. பிரிவுத் துயர் இயல்பானது. பெரும்பாலான குழந்தைகளிடம் அது படிப்படியாகக் குறையும். பல வாரங்கள் கடந்தும் உண்ண மறுத்தல், உறக்கம் கெடுதல், முன்பு நின்றுபோன படுக்கை நனைத்தல் மீளுதல் போன்றவை நீடித்தால் ஆசிரியருடனும் குழந்தை மருத்துவருடனும் கலந்து பேசுதல் வேண்டும்.

விமர்சனங்கள்

பள்ளி ஆயத்தநிலை என்ற கருத்துருவே சிலரால் கேள்விக்கு உள்ளாக்கப்படுகின்றது. குழந்தை 'ஆயத்தமில்லை' என்ற முத்திரை, வறுமை, ஊட்டக்குறை, நெரிசலான வகுப்பறை ஆகியவற்றின் விளைவைக் குழந்தையின் குறையாக மாற்றிவிடுகின்றது என்பது ஒரு வாதம். சேர்க்கை வயதை உயர்த்துவதால் வகுப்பின் இளைய குழந்தை மறைந்துவிடுவதில்லை, வேறொரு குழந்தை அவ்விடத்திற்கு வருகின்றது என்பது மற்றொன்று. மேலும், மூத்த குழந்தைகள் பெருகப் பெருக முதல் வகுப்பின் பாடமும் கடினமாக்கப்பட்டு, அதனால் மேலும் பலர் தாமதிக்கும் சுழற்சி உருவாகின்றது.

மறுபுறம், நன்கு வடிவமைக்கப்பட்ட முன்பள்ளி ஏழைக் குழந்தைகளுக்கு நிலையான பயன் தரும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. ஐக்கிய அமெரிக்காவின் இப்சிலான்டி நகரில் 1962 முதல் 1967 வரை 123 குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பட்ட பெரி முன்பள்ளி ஆய்வு இவற்றுள் புகழ் பெற்றது. அதில் முன்பள்ளி பெற்றவர்கள் வளர்ந்த பின் கல்வியிலும் வருமானத்திலும் ஒப்பீட்டுக் குழுவினரை விட முன்னின்றனர். எனவே 5 அல்லது 6 என்ற எண்ணை விட, அதற்கு முந்தைய ஆண்டுகளில் குழந்தைக்குக் கிடைக்கும் உணவு, உரையாடல், விளையாட்டு ஆகியவையும், சேர்ந்த பின் முதல் வகுப்பு நடத்தப்படும் விதமுமே கூடுதல் முக்கியம் என்ற கருத்து வலுப்பெற்று வருகின்றது.

இவற்றையும் பார்க்கவும்

* அங்கன்வாடி
* மழலையர் பள்ளி
* மாண்டிசோரி கல்வி முறை
* கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009
* திண்ணைப் பள்ளிக்கூடம்
* வித்தியாரம்பம்